கொடித்துண்டு வேர் பிடிக்கவில்லையா: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மணி பிளான்ட் வளராத வீட்டைப் பற்றித் தருமபுரியில் எங்கள் தெருவில் ஒரே விளக்கம்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார்கள், கேட்காமல் கிள்ளி வந்து வைத்திருந்தால் வளர்ந்திருக்கும் என்பார்கள். பல ஆண்டுகள் இதைச் சிரித்துக் கடந்த எனக்கு, அதற்குள் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. கேட்காமல் கிள்ளுகிறவர் அவசரத்தில் கையில் அகப்பட்ட நீளத்தை அப்படியே ஒடித்துக்கொண்டு நடையைக் கட்டுவார். அந்த நீளத்தில் இரண்டு மூன்று கணுக்களாவது இருந்தே தீரும். கேட்டு வாங்குகிறவருக்கோ, வீட்டுக்காரம்மா தம் கொடியின் அழகு கெடாதபடி பார்த்து, நல்ல பெரிய இலை ஒன்றைக் காம்போடு கிள்ளிக் கொடுப்பார். அந்த இலையில் கணு இருக்காது. கணு இல்லாத துண்டிலிருந்து புதுக்கொடி பிறக்காது.

தொங்கவிட்டு வளர்க்கும் வீட்டுச் செடிகளைத் தண்டுத் துண்டிலிருந்து பெருக்கும்போது எழும் சிக்கல்களை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின்படி கீழே எழுதியிருக்கிறேன். மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், சிங்கோனியம், டிரேடஸ்கான்ஷியா, டர்ட்டில் வைன், ஹோயா, முத்துச்சரச் செடி ஆகியவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஸ்பைடர் பிளான்ட் கொடி இல்லை என்றாலும், அதன் தொங்கும் குட்டிகளை எடுத்துத்தான் நாம் எல்லோரும் வேர்விடச் செய்கிறோம் என்பதால் அதையும் சேர்த்திருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். துண்டைத் தண்ணீரிலிருந்தோ மண்ணிலிருந்தோ மெதுவாக வெளியே எடுத்து, அடிமுனையைக் கண்ணால் பார்த்து, விரலால் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்க வேண்டும். இலையில் தெரியும் வாட்டத்துக்குக் காரணத்தை இலையிலேயே தேடி, இலைக்கு மேலும் மேலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பதே பலர் செய்யும் தவறு. அடிமுனை கெட்டியாகவும் மணமில்லாமலும் இருந்தால் துண்டு உயிரோடு இருக்கிறது, பொறுக்கலாம். அது குழைந்தோ நாறியோ இருந்தால் அன்றே கத்தியை எடுக்க வேண்டும்.

மூன்று வாரமாகியும் வேர் வரவில்லை, இலை மட்டும் பச்சையாக இருக்கிறது

முதலில் கணுவைத் தேடுங்கள். வெற்றிலைக் கொடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்திருக்கும் முடிச்சுதான் கணு, அங்கிருந்துதான் வேரும் பக்கக் கிளையும் புறப்படும். மணி பிளான்டில் இதை அடையாளம் காண்பது இன்னும் எளிது, ஏனெனில் ஒவ்வொரு கணுவிலும் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு மொட்டைக் குச்சி போலக் காற்றுவேரின் தொடக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தொடக்கம் தண்ணீருக்குள்ளோ ஈரமண்ணுக்குள்ளோ இருக்க வேண்டும். கணுவுக்குக் கீழே ஏறத்தாழ 1 செ.மீ. விட்டு வெட்டினால், முனை சிறிது அழுகினாலும் கணுவைத் தொடுவதற்குள் கவனித்துவிடலாம். இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட வெற்றுத் தண்டை மட்டும் வெட்டிப் போட்டவர்களும், வெறும் இலையைக் காம்போடு நிறுத்தியவர்களும் வாரக்கணக்கில் பச்சை இலையைப் பார்த்து ஏமாறுவார்கள். தண்ணீரில் நிற்கும் இலை நீண்ட நாள் வாடாமல் இருக்கும் என்பதால் அது வளர்ச்சிக்கான அறிகுறி ஆகிவிடாது.

கணு இருந்தும் வேர் வரவில்லை என்றால், துண்டு தலைகீழாக நிற்கிறதா என்று பாருங்கள். இலையெல்லாம் கிள்ளிவிட்ட நடுத்தண்டுத் துண்டுகளில் இது அடிக்கடி நடக்கும். இலைக்காம்பு இருந்த வடுவுக்கு மேல்பக்கமாகத்தான் மொட்டு அமர்ந்திருக்கும். அந்த மொட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். வெட்டும்போதே அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டிவைக்கும் பழக்கம் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அதுவும் சரியாக இருந்தால் மிஞ்சுவது வெப்பமும் ஒளியும்தான். இந்தச் செடிகளுக்கு 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் வேர்விட ஏற்றது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழி, தை மாதங்களில் வைக்கும் துண்டு, அதில் பாதி உயரத்தில் இருக்கும் தருமபுரியில் வைக்கும் துண்டைவிடப் பின்தங்குவது இயல்பு. ஓசூரில் இருக்கும் என் அத்தை, தை மாதத்தில் சமையலறைச் சன்னலோரத்துச் சில்லிட்ட கிரானைட் மேடையில் பாட்டில்களை வரிசையாக வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்தும் ஒன்றும் வரவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பாட்டில்களுக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டு, இரவில் அவற்றைச் சன்னலைவிட்டுத் தள்ளி வைக்கச் சொன்னேன். மாசி பிறந்ததும் வேர் வந்தது. அட்டையால் வந்ததா, மாசியால் வந்ததா என்று நாங்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஒளியைப் பொறுத்தவரை, நேர்வெயில் படாமல் செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் விழும் இடம் வேண்டும். குளியலறை மூலையில் அழகுக்காக வைக்கும் துண்டு வேர்விடாமல் அப்படியே நின்றுவிடுவதற்கு இருட்டுதான் காரணம்.

எத்தனை நாள் பொறுப்பது என்பது செடிக்குச் செடி மாறும். டிரேடஸ்கான்ஷியா ஒரு வாரத்தில் வேர் காட்டும், டர்ட்டில் வைனும் அதை ஒட்டியே நடக்கும். மணி பிளான்டுக்கும் பிலோடென்ட்ரானுக்கும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஹோயாவுக்கு ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். அது வரை வாரம் இருமுறை இழுத்துப் பார்க்கிறவர்கள் கையில் அது வேர்விடுவதே இல்லை. இந்த இடத்தில் மணி பிளான்டைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி, பூப்பதற்குத் தேவையான ஜிபரெலின் என்னும் ஊக்கியைப் போதிய அளவில் உண்டாக்குவதில்லை என்பதால், வளர்ப்பில் இருக்கும் கொடிகள் பூப்பதே அரிது. பூ இல்லை என்றால் விதையும் இல்லை. ஆகவே நம் ஊர்த் திண்ணைகளில் தொங்கும் மணி பிளான்ட்கள் எல்லாம் யாரோ ஒருவர் வெட்டி வைத்த துண்டின் வழிவந்தவையே. துண்டு வைத்தால் வேர்விடுவது அதற்குப் பிறவிக் குணம்.

அடிமுனை கறுத்து வழுவழுப்பாகிறது, தண்ணீர் கலங்கி நாறுகிறது

இது அழுகல். காத்திருப்பதால் ஒரு நன்மையும் இல்லை. கறுத்த பகுதிக்கு மேல் 2 செ.மீ. விட்டு, கெட்டியான பச்சைத் தண்டு தெரியும் வரை வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்புக் கோடு தெரிந்தால் இன்னும் மேலே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியைச் சானிடைசர் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். பாட்டிலைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, துண்டின் அடிக்கணு மட்டும் மூழ்கும்படி வைக்க வேண்டும்.

அழுகலுக்கு மிகப் பொதுவான காரணம், தண்ணீருக்குள் மூழ்கிய இலைதான். கணு மூழ்க வேண்டும் என்று கேள்விப்பட்டவர்கள் பாட்டிலின் கழுத்து வரை தண்ணீர் நிரப்பிவிடுவார்கள். இரண்டு இலைகள் உள்ளே அழுகத் தொடங்கி, மூன்றாம் நாளில் தண்ணீர் முழுவதும் கெட்டுவிடும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை வைப்பதற்கு முன்பே கிள்ளிவிட வேண்டும்.

இரண்டாவது காரணத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரை மாதத்தில் பதினான்கு துண்டுகளை வெட்டி, பிற்பகல் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்து பாட்டில்களை நிரப்பினேன். மாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வந்தது; ஆறிவிடும் என்று நினைத்து அப்படியே துண்டுகளைப் போட்டேன். ஐந்தாம் நாளில் பதினொன்று குழைந்துவிட்டன. சூடான தண்ணீர் திசுவைச் சிதைப்பது ஒருபுறம் இருக்க, வெப்பம் கூடக் கூடத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. முளைக்கவிருக்கும் வேருக்கு மூச்சுமுட்டுகிறது. கோடையில் அதிகாலையில் பிடித்துவைத்த தண்ணீரையோ மண்பானைத் தண்ணீரையோ பயன்படுத்த வேண்டும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

ஹோயாவை வெட்டினால் பால் வடியும். அந்தப் பாலைத் துடைத்து, வெட்டுமுகத்தை அரை நாள் உலரவிட்டு வைத்தால் அழுகல் குறையும். மணி பிளான்டின் சாறு பாலாக வடியாவிட்டாலும், அதில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் சிலருக்குக் கையில் அரிப்பைத் தரும்; வெட்டிய கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது, வெட்டித் தள்ளிய இலைகளைக் குழந்தைகள் கையிலும் ஆடு வாயிலும் படும்படி போடவும் கூடாது.

மஞ்சள் தூள், தேன், கற்றாழைச் சாறு ஆகியவற்றைத் தண்ணீரில் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். தேனைத் தண்ணீரில் கலப்பது நுண்ணுயிர்களுக்கு விருந்து வைப்பதாகும். அழுகும் துண்டுக்கு அது ஒருபோதும் மருந்தில்லை. நர்சரிகளில் விற்கும் வேர் ஊக்கித் தூளில் பெரும்பாலும் இருக்கும் ஐ.பி.ஏ. என்னும் ஊக்கி, மண்ணில் நேரடியாக நடும் கடினத் தண்டுகளுக்கு நல்ல துணை. மணி பிளான்டுக்கும் டிரேடஸ்கான்ஷியாவுக்கும் அது வீண் செலவு என்பது என் கருத்து.

இலைகள் துவண்டு தொங்குகின்றன, அடிமுனை நன்றாக இருக்கிறது

வேர் இல்லாத துண்டு வெட்டுமுகத்தின் வழியாக உறிஞ்சும் தண்ணீர் குறைவு. இலைகள் ஆவியாக வெளியிடுவதோ அதைவிட அதிகம். வரவுக்கு மேல் செலவு என்பதுதான் இங்கே நோய். பங்குனியில் தொடங்கிக் கத்திரி முடியும் வரை தருமபுரியில் வீசும் வறண்ட காற்றில், ஆறு இலைகளோடு வைத்த துண்டு மாலைக்குள் தலைசாய்ந்துவிடும். இரண்டு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தால் நகர்த்துங்கள். மண்ணில் நட்ட துண்டானால், அடி அறுத்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதன் மேல் கவிழ்த்து, மூடியை மட்டும் திறந்து வைத்தால் உள்ளே ஈரப்பதம் நிற்கும். நான்கைந்து நாளில் இலை நிமிர்ந்த பிறகு பாட்டிலைக் காலை மாலை சிறிது நேரம் எடுத்துப் பழக்க வேண்டும்; ஒரே நாளில் எடுத்துவிட்டால் மீண்டும் துவளும். மூடிய பாட்டிலை வெயிலில் வைப்பது துண்டை வேகவைப்பதற்குச் சமம்.

அடியிலுள்ள ஒரே ஓர் இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் கவலைப்பட வேண்டாம். துண்டு அந்த இலையின் சத்தை இழுத்துப் புது வேருக்கு அனுப்பியிருக்கிறது.

இலை நுனிகள் பழுப்பாகிக் கருகுகின்றன

நம் மாவட்டங்களுக்கென்று தனியாக எழுத வேண்டிய பகுதி இதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு மிகுந்திருப்பது எல்லோரும் அறிந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அமைவனம் விதித்த உச்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதில் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்க்கிறோம். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் பாதிப்பைக் குறைக்கும் நோக்கத்தோடு ஜப்பானியக் கடனுதவியில் அமைக்கப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிப்பதற்கு ஒகேனக்கல் தண்ணீர், புழங்குவதற்கும் செடிக்கும் போர் தண்ணீர் என்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டதால், குடிநீர்க் குடத்திலிருந்து விலகிய புளோரைடு செடித்தொட்டியில் அப்படியே இருக்கிறது.

எல்லாச் செடிகளும் இதைப் பொருட்படுத்துவதில்லை. மணி பிளான்ட் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை. ஸ்பைடர் பிளான்டும் டிரசீனாவும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரோடு ஏறும் புளோரைடு, இலையின் ஓரத்துக்கும் நுனிக்கும் போய்ச் சேர்கிறது; தண்ணீர் ஆவியாகிப் போகிறது, புளோரைடு அங்கேயே தங்கிச் சேர்ந்துகொண்டே வருகிறது. நுனி முதலில் கருகுவதற்குக் காரணம் இதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் மற்ற உப்புகளும், மண் காய்ந்து காய்ந்து நனைவதும் ஏறத்தாழ இதே தோற்றத்தைத் தரும் என்பதால், ஒரு சிறு சோதனை செய்துவிடுவது நல்லது. ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த இரண்டு குட்டிகளை ஒரே சன்னலில் வைத்து, ஒன்றுக்குப் போர் தண்ணீரும் மற்றொன்றுக்கு மழைநீரும் ஒரு மாதம் ஊற்றுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. ஆகவே புதிதாக விரியும் இலைகளின் நுனியை மட்டும் ஒப்பிட வேண்டும்.

தீர்வாகப் பலரும் செய்வது தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பது. இது நிலைமையை மோசமாக்கும். கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைடு போகாது. மிஞ்சும் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடும். இரவு முழுவதும் வாளியில் திறந்து வைத்தால் போகும் என்பதும் புளோரைடுக்குப் பொருந்தாது. குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின் அப்படி வைத்தால் குறையும், எனவே ஒகேனக்கல் தண்ணீரை ஓர் இரவு வைத்துப் பயன்படுத்துவதில் பொருள் உண்டு. போர் தண்ணீருக்கு அந்த வைத்தியம் பலிக்காது. மழைநீர், ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர், ஆர்.ஓ. வடிகட்டியில் வரும் நல்ல தண்ணீர் ஆகிய மூன்றும் பயன்படும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள், பிரித்தெடுத்த உப்பையும் புளோரைடையும் அடர்த்தியாகத் திருப்பி ஊற்றுகிறார்கள். அதை வாசல் கழுவப் பயன்படுத்தலாம். உப்புப் போட்டு இயக்கும் மென்னீராக்கிக் கருவியின் தண்ணீரும் வேண்டாம், அதில் சோடியம் கூடியிருக்கும். ஸ்பைடர் பிளான்ட் தொட்டிக்குச் சூப்பர் பாஸ்பேட் உரத்தையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அந்த உரத்தோடும் புளோரைடு வருகிறது.

பாட்டிலில் வெள்ளைப் படிவு, பச்சைப் பாசி, அல்லது நெளியும் புழு

வெள்ளைப் படிவு கடினநீரின் சுண்ணாம்பு. தண்டில் லேசாகப் படிந்தால் தீங்கில்லை. பாட்டிலைப் புளிக்கரைசலால் தேய்த்தால் போய்விடும். பச்சைப் பாசிக்கு ஒளி வேண்டும், எனவே பாட்டிலைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் ஒட்டினால் அடங்கும். வேரும் இருட்டை விரும்பும்.

புழுவை அப்படி எளிதாக விடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டி மாற்றினால் மட்டும் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருந்து மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரியும். வாரம் ஒரு நாள் குறித்துவைத்துக்கொண்டு உட்புறத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், வாயைப் பஞ்சாலோ துணியாலோ அடைத்து வையுங்கள்.

தண்ணீரில் நன்றாக வேர்விட்டது, மண்ணுக்கு மாற்றியதும் செத்துவிட்டது

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுவாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் பிறந்த வேரும் மண்ணில் பிறந்த வேரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தண்ணீர் வேர் வெள்ளையாக, பளபளப்பாக, எளிதில் ஒடிவதாக இருக்கும். மண்துகளைப் பற்றி ஈரம் இழுக்கும் வேர்த்தூவிகள் அதில் குறைவு. அதை மண்ணில் வைத்து, வளர்ந்த செடிக்கு ஊற்றுவது போல மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றினால், சுற்றிலும் ஈரம் இருந்தும் அது தாகத்தில் சாகும்.

முதல் திருத்தம் மாற்றும் நேரத்தில் செய்ய வேண்டும். வேர் அரை அடி நீளம் வளர்ந்து பாட்டிலைச் சுற்றட்டும் என்று காத்திருப்பதால் பயனில்லை. 3 முதல் 5 செ.மீ. நீளம் வந்து, பக்கவேர் தலைகாட்டியதும் மாற்றிவிட வேண்டும். மாற்றிய முதல் பத்து நாள் மண் காயாமல் பார்த்து, பிறகு மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்ததும் ஊற்றும் முறைக்கு மெல்ல வர வேண்டும். துவண்டால் முன்சொன்னபடி அடி அறுத்த பாட்டிலைக் கவிழ்க்கலாம். நேரமிருப்பவர்கள் மாற்றுவதற்கு முந்தைய வாரம் பாட்டிலுக்குள்ளேயே தினமும் ஒரு கரண்டி தேங்காய்நார்த் துகளைப் போட்டுக் குழம்பாக்கி, வேரைப் பழக்கலாம்.

அடுத்தது மண். நம் செம்மண் வயலுக்கு நல்லது. சிறு தொட்டியில் தனியாக அடைத்தால் நாலு முறை நனைந்ததும் இறுகி, காய்ந்ததும் ஓடு போலாகிவிடும். செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் என்று விற்கும் தேங்காய்நார்த் துகள் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு என்பது நான் பயன்படுத்தும் கலவை. தேங்காய்நார்த் துகளை ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாத துகளில் இருக்கும் உப்பு இளவேரைச் சுட்டுவிடும். ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பலரும் வீடு கட்டி மிஞ்சிய எம்-சாண்டைச் சேர்க்கிறார்கள். கல்லுடைக்கும் ஆலைகளுக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் அதிலுள்ள கல்மாவு மண்ணின் துளைகளை அடைத்துச் சிமெண்ட் போல இறுகச் செய்யும் என்பதால், வாளியில் போட்டுக் கலக்கி, பால்போல் வரும் தண்ணீர் தெளியும் வரை கழுவிய பிறகே சேர்க்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் உடைத்த செங்கல் துண்டுகளையும் அடுப்புக்கரியையும் போடலாம். என் அனுபவத்தில் அவை எம்-சாண்டைவிட மேல்.

மூன்றாவது தொட்டியின் அளவு. மூன்று வேர் உள்ள துண்டுக்குப் பன்னிரண்டு அங்குலத் தொட்டி கொடுத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து புளித்து, வேரை அழுகச் செய்யும். நான்கு அங்குலத் தொட்டியோ அடியில் துளையிட்ட தயிர் டப்பாவோ போதும். தொங்குதொட்டி அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்றால், ஒரே தொட்டியில் ஐந்தாறு துண்டுகளை ஒன்றாக நடுங்கள். கொடி ஒன்றுதான் என்றால் அது நீளுமே தவிர அடராது.

மாற்றிய செடியைப் பிடுங்கிப் பார்க்க நேர்ந்தால், பழுப்பு வேர் எல்லாம் செத்த வேர் என்று முடிவுகட்ட வேண்டாம். விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால்தான் அது அழுகியது. கெட்டியாக இருந்தால் மண்ணின் நிறம் ஏறிய நல்ல வேர். பருவத்தைப் பொறுத்தவரை, ஆனி தொடங்கி ஐப்பசி வரை மாற்றும் துண்டுகள் எங்கள் வீட்டில் அனேகமாகத் தவறுவதில்லை. கத்திரியில் மாற்றுவதை நான் விட்டுவிட்டேன்.

வேர் இருக்கிறது, மாதக்கணக்கில் துளிர் இல்லை

ஹோயாவின் ஒற்றை இலையைத் தொட்டியில் நட்டவர்களுக்கு இது கட்டாயம் நேரும். இதய வடிவில் ஒற்றை இலை நட்ட சிறு தொட்டிகள் பரிசுப் பொருளாக விற்கப்படுகின்றன. அந்த இலை வேர்விடும், ஓராண்டுக்கும் மேல் பச்சையாக நிற்கும், தண்டின் சிறு துண்டு ஒட்டியிருந்தால் ஒழியக் கொடியாகாது. கடைக்காரர் சொல்லாததை வேரைத் தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கணுவோடு நட்ட துண்டு என்றால், மொட்டு மண்ணுக்குள் ஆழப் புதைந்திருக்கிறதா என்று பார்த்து வெளியே தெரியும்படி மண்ணைத் தள்ளுங்கள், தொட்டியை வெளிச்சத்துக்கு இன்னும் அருகில் கொண்டுபோங்கள். உரம் போட்டு விரட்ட வேண்டாம். துளிர் வந்த பிறகு நீர்த்த மண்புழு உரக் கரைசல் போதும்.

முத்துச்சரச் செடியின் மணிகள் சுருங்குகின்றன

ஆப்பிரிக்காவின் தென்கோடி வறண்ட நிலத்திலிருந்து வந்த செடி இது; மணி போன்ற இலைகளில் தண்ணீரைச் சேமித்துவைத்திருக்கிறது. தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தால் பெரும்பாலும் குழைந்துவிடும். வெட்டிய சரத்தை இரண்டு நாள் நிழலில் காயவைத்து, மணல் மிகுந்த கலவையின் மேல் படுக்கப்போட்டு, ஹேர்பின்னால் ஆங்காங்கே அழுத்திவிட வேண்டும். மண்ணைத் தொடும் கணுக்களெல்லாம் வேர்விடும். மணி சுருங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்து மணி சுருங்கினால் லேசாகத் தெளிக்கலாம். மண் ஈரமாக இருந்தும் சுருங்கினால் வேர் அழுகிவிட்டது, மீதியுள்ள நல்ல சரத்தை வெட்டி மறுபடி காயவைக்க வேண்டும். இதற்குப் பிளாஸ்டிக் மூடி கூடாது.

கணுவிடுக்கில் வெள்ளைப் பஞ்சு

அது மாவுப்பூச்சி, தாய்ச்செடியிலிருந்தே வந்திருக்கும். சானிடைசர் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்து, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். நர்சரியிலிருந்து வந்த எதையும் இரண்டு வாரம் தனியாக வைக்கும் பழக்கம் எனக்கு இதனால்தான் வந்தது.

வண்ணக்கொடியின் துண்டு, முழுப்பச்சையாக வளர்கிறது

மஞ்சளும் வெள்ளையும் கலந்த மணி பிளான்ட் வகைகளில், துண்டு எந்தக் கணுவிலிருந்து எடுக்கப்பட்டதோ அதன் குணத்தையே புதுக்கொடி பெரும்பாலும் காட்டும். தண்டிலேயே வெளிர்க்கோடு ஓடும் பகுதியைப் பார்த்து வெட்ட வேண்டும். இலை முழுவதும் வெள்ளையாக இருக்கும் நுனி கண்ணைக் கவரும், ஆனால் பச்சையம் இல்லாததால் தன் உணவைத் தானே சமைக்க முடியாமல் வேர்விடும் முன்பே ஓய்ந்துவிடும். ஏற்கெனவே பச்சையாக மாறிய கொடியை, கடைசியாக வண்ணம் தெரிந்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டி வெளிச்சத்தைக் கூட்டினால், அந்தக் கணுவின் மொட்டு வண்ணத்தோடு துளிர்க்க வாய்ப்புண்டு. வெட்டியெடுத்த பச்சை நீளத்தை நான்கு கணுவுக்கு ஒன்றாக நறுக்கி, தலைமாடு கால்மாடு மாறாமல் தனிப் பாட்டிலில் போட்டு வைக்கலாம். கேட்டு வருகிறவர்களுக்கு இனி ஒற்றை இலையைக் கிள்ளிக் கொடுக்க வேண்டியிருக்காது.